“போன் வரவில்லை” என்று நான் சொன்ன வெள்ளிக்கிழமை

உங்கள் சங்க மலருக்காக, வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்த அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். “பழைய டைப்ரைட்டர், டெலிபோன் கதையெல்லாம் எழுதுங்க அங்கிள், ஜாலியா இருக்கும்” என்று உங்களில் ஒருவர் சொன்னார். டெலிபோன் கதைதான் எழுதுகிறேன். ஜாலியாக இருக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. போன மாதம் ஒரு கையெழுத்துக்காக மலாக்காவில் ஓர் அலுவலகத்தில் காத்திருந்தேன். ஓர் அம்மா வந்து, “தம்பி, நேத்து மெசேஜ் போட்டேனே, பாத்தீங்களா?” என்று முன்மேசையில் இருந்த உங்கள் வயதுப் பையனைக் கேட்டார். கைப்பேசி அந்தத் தம்பியின் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “ஒன்னும் வரலையே ஆன்ட்டி” என்றார். அந்த அம்மா முகம் சுருங்கி, “நான்தான் சரியா அனுப்பலையோ என்னமோ” என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தார். பொய் சொன்னவர் நிம்மதியாக இருந்தார். உண்மை சொன்னவர் தன்னையே சந்தேகப்பட்டார். எழுந்துபோய் அந்தத் தம்பியை அறைந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. அறையவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புதிய போன் வந்தது. இரண்டு லைன், கம்பியில்லாத ரிசீவர், ஆள் இல்லாதபோது பேச்சைப் பதிவு செய்யும் இயந்திரம், எல்லாம் ஒரே பெட்டியில். அதை வாங்கச் சொல்லி எங்கள் வழக்கறிஞரை நச்சரித்தவன் நான்தான். அவரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிக்கனமானவர். ஒரு வழியாகச் சம்மதித்தார்.

முதல் லைன் பழைய எண். தோட்டத்து ஆட்கள், சின்ன வழக்குக்காரர்கள் எல்லோரிடமும் இருந்தது. இரண்டாவது லைன் புதியது. அதை வங்கிகளுக்கும் வீடு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கும் மட்டும் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவனும் நான்தான். முதல் லைனில் மூன்று முறை மணி அடித்தால் இயந்திரம் எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். இரண்டாவது லைனில் எத்தனை முறை அடித்தாலும் மனிதன் எடுப்பான். இரண்டு பொத்தான்களை வைத்துக்கொண்டு யாருக்கு மனிதக் குரல், யாருக்கு இயந்திரக் குரல் என்று நான் பிரித்தேன். அதை நிர்வாகத் திறமை என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

வரவேற்புரையை என் குரலிலேயே பதிவு செய்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம். தமிழை நன்றாகப் படித்தவன் அல்லவா? “வணக்கம். தாங்கள் தொடர்புகொண்டிருக்கும் அலுவலகத்தில் தற்சமயம் எவரும் இல்லை” என்று வானொலி அறிவிப்பாளரைப் போல ஏற்ற இறக்கத்தோடு பேசினேன். நாலு தடவை அழித்து அழித்துப் பதிவு செய்தேன்.

முதல் வாரத்தில் ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டால் இப்படி இருந்தது.

“வணக்கம் ஐயா. நல்லா இருக்கீங்களா?” டொக்.

“சார், சாப்டீங்களா?” டொக்.

“ஐயா, நான்தான் பேசறேன்.” டொக்.

ஒரு பெரியவர் மட்டும் கோபமாகவே தொடங்கியிருந்தார். “நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறியே, என்னையும் கொஞ்சம் பேச விடுலா!” பிறகு அவரும் டொக்.

காரணம் இதுதான். யாரும் பேசாமல் சில விநாடிகள் அமைதியாக இருந்தால், பேச்சு முடிந்துவிட்டது என்று எண்ணி இயந்திரம் தொடர்பைத் துண்டித்துவிடும். நம் ஆட்களோ நலம் விசாரிக்காமல் காரியம் பேச மாட்டார்கள். விசாரித்தால் பதிலுக்குக் காத்திருப்பார்கள். எதிரில் இருப்பவர் வாய் திறக்காமல் தான் பேசிக்கொண்டே போவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். “சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் இயந்திரம் அவர்கள் முகத்தில் கதவைச் சாத்தியது.

எங்கேயோ தோட்டத்துக்கு வெளியே, சீனர் கடை வாசலில் இருக்கும் பொதுத்தொலைபேசிக்குச் சைக்கிள் மிதித்து வந்து, காசு போட்டு, என் நலனை விசாரித்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். நீதிமன்றக் கேன்டீனில் மற்ற குமாஸ்தாக்களுக்கு அந்தக் குரல்களை நடித்துக்காட்டினேன். பிறகு அலுத்துப்போய், முதல் லைன் விளக்கு மினுக்கினால் “சாப்டீங்களா கேஸ்தான்” என்று சாயங்காலம்வரை போட்டுக்கூடக் கேட்காமல் விட ஆரம்பித்தேன்.

எனக்கு வேலை பழக்கிய தலைமைக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். அப்போது ஓய்வு பெற்றிருந்தார். புதுப் பெட்டியைப் பார்க்க ஒருநாள் வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “யாராவது கேட்டா, பாக்கலன்னு சொல்லு, எடுக்கலன்னு சொல்லு. வரலன்னு மட்டும் சொல்லிடாத. அது உனக்குத் தெரியாத விஷயம்” என்றார். கிழவர் பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்து வழக்கு எங்களிடம் வந்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய நிறுவனம் வீடமைப்புத் திட்டம் போட்டது. லயம் என்கிற வரிசை வீடுகளில் மூன்று தலைமுறையாக இருந்தவர்களை மாற்று வீடு இல்லாமல் கிளம்பச் சொன்னார்கள். அவர்கள் ஒரு கமிட்டி அமைத்தார்கள். சின்னக்கண்ணு என்பவர் தலைவர். உரத்த குரல், நேர்மையான மனிதர், முன்கோபி.

பாஸ் எல்லாப் பத்திரங்களையும் தயார் செய்து வைத்தார். “இப்பவே கோர்ட்டுக்குப் போனா, இடிக்கவே இல்லையே, ஏன் வந்தீங்கன்னு கேப்பாங்க. மிஷின் உள்ள வந்த நிமிஷம் எனக்கு போன் வரணும். அன்னைக்கே ஜட்ஜ்கிட்ட நின்னு தடையுத்தரவு கேக்கலாம்” என்று கமிட்டியிடம் சொன்னார். ஆக, எல்லாம் ஒரு போன் அழைப்பில் தொங்கியது.

போன் செய்யும் பொறுப்பைத் தனபாக்கியத்திடம் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். தெளிவாகப் பேசுவார், வேகமாகச் சைக்கிள் ஓட்டுவார். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது ‘நீ, வா, போ’தான்.

அவருக்கு அந்தப் பெட்டியைக் காட்டி நானே பாடம் நடத்தினேன்.

“இது ஆள் இல்லம்மா, பெட்டி. இதுகிட்ட நலம் விசாரிக்காத. பீப்னு சத்தம் வந்ததும் பேரு, எடம், என்ன நடந்துச்சு, எத்தன மணி. மடமடன்னு ஒரே தடவ சொன்னா போதும். நடுவுல நிறுத்தினா வெட்டிடும்.”

“மூச்சு விடலாமா சார்?” என்று கேட்டார். கூட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சின்ன மூச்சா விடு” என்றேன். நானும் சிரித்தேன்.

“பெட்டி கேட்டத நீங்க எப்பக் கேப்பீங்க சார்?”

நல்ல கேள்வி. இந்தக் கதையிலேயே யாராவது கேட்ட ஒரே நல்ல கேள்வி. “உடனே கேப்போம்மா, அதுக்குத்தான சம்பளம் வாங்கறோம்” என்று பதில் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காக நீதிமன்றத்துக்கு மதிய இடைவேளை நீளம். பாஸ் வெளியே சாப்பிடப் போயிருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும். ரிசீவரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டில் காற்றாட நின்று இரண்டாவது லைனில் பேசிக்கொண்டிருந்தேன். வங்கியோடு அல்ல. என் மைத்துனரோடு. அன்று மாலை இரண்டு குடும்பமும் உம்பாய் கடற்கரைக்குப் போய் மீன் சாப்பிடுவதாக இருந்தது. யார் காரில் யார் வருவது, நண்டு சொல்வதா இறால் சொல்வதா என்று அரைமணி நேரம் பேசினோம்.

அந்த அரைமணி நேரத்தில் ரிசீவரில் முதல் லைன் விளக்கு மினுக்கியது. பார்த்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மைத்துனரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்த அழைப்பை எடுத்திருக்கலாம். அந்த வசதியைக் காட்டித்தான் பாஸை வாங்க வைத்தேன். அழுத்தவில்லை. விளக்கு நின்றது. ‘சாப்டீங்களா கேஸ்’ என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் இறாலா நண்டா என்று முடிவாகவில்லை.

மூன்று மணிக்கு பாஸ் வந்தார். நீதிமன்ற அலுவலகம் திறந்திருந்த நேரம். நடந்தே போய்விடலாம். தன் அறைக்குப் போகும் வழியில் நின்று கேட்டார்.

“மணியம், தோட்டத்துலேருந்து போன் வந்துச்சா?”

“இல்ல பாஸ், வரல” என்றேன்.

பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன், அவ்வளவுதான். அதுதான் பொய் என்று இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் அலுவலகங்களில் தினமும் பத்து முறை நடக்கிறது அது. குரல்கூடத் தடுமாறாது.

ஐந்தே கால் மணிக்கு பாஸ் வீட்டுக்குப் போன பிறகு, கிளம்புவதற்கு முன் பழக்கத்துக்காகப் பெட்டியைப் போட்டேன். முதலில் ஒரு ‘வணக்கம் ஐயா’. அடுத்தது அவர்.

“ஐயா நான் தனபாக்கியம், நியாலாஸ் பக்கத்துத் தோட்டம், ரெண்டு புல்டோசர் உள்ள வந்திருச்சி, போலீசும் கூட வந்திருக்கு, மொதல் லயத்துல சாமான வெளிய எடுத்து வைக்கிறாங்க, இன்னும் இடிக்கல, இப்ப மணி ஒன்னு இருவது, வக்கீலய்யாகிட்ட சொல்லிடுங்க, நான் இங்கயே கடையில நிக்கிறேன், இந்த போன் நம்பரு...”

எண்ணை இரண்டு முறை சொல்லியிருந்தார். மூச்சு வாங்குவது கேட்டது. எங்கேயும் நிறுத்தவில்லை. என் நலத்தை விசாரிக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றும் குறையவில்லை.

உடனே பாஸ் வீட்டுக்குப் போன் செய்திருக்க வேண்டும். நீதிமன்றம் மூடியிருந்தாலும் அவர் ஏதாவது செய்யப் பார்த்திருப்பார். ‘மூன்று மணிக்கு நீ ஏன் இல்லை என்றாய்?’ என்றும் கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை நினைத்தேன். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நினைத்தேன். அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். ஒலிநாடா பின்னோக்கிச் சுற்றியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு உம்பாய்க்குப் போனேன். நண்டு சாப்பிட்டேன். அதையும் எழுதாமல் விட்டால் இது வாக்குமூலம் ஆகாது.

மறுநாள் சனிக்கிழமை காலை கமிட்டி முழுவதும் அலுவலகத்துக்கு வந்தது. பதினொரு வீடுகள் போய்விட்டன. சின்னக்கண்ணுவின் வீடு இரண்டாவது. கடைசி லயத்தின் கோடியில் இருந்த தனபாக்கியம் வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டதால் அது மட்டும் நின்றது.

“ஐயா, நாங்க சொல்லியனுப்பியும் நீங்க ஏன் வரல?” என்று சின்னக்கண்ணு பாஸைக் கேட்டார்.

“எனக்கு போனே வரலையே தலைவரே. மூனு மணிக்கு நானே கேட்டேன். மணியம், சொல்லு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“வரல” என்றேன்.

“சார்!” என்றார் தனபாக்கியம். “பண்ணேன் சார். பெட்டியில சொன்னேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே பேரு, எடம், மணி எல்லாம் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கடையிலயே நின்னேன். நீங்க திருப்பிக் கூப்பிடுவீங்கன்னு நின்னேன்.”

எல்லார் முன்னாலும் பொத்தானை அழுத்தினேன். பெட்டி வெறுமனே மூன்று முறை ‘பீப்’ என்றது. செய்தி எதுவும் இல்லை என்று அர்த்தம். அதை விளக்கியும் சொன்னேன். பிறகு, இத்தனை ஆண்டுகளில் என் வாயிலிருந்து வந்ததிலேயே கேவலமான ஒன்றைச் சொன்னேன்.

“மெஷின் பொய் சொல்லாதும்மா.”

சின்னக்கண்ணு தனபாக்கியம் பக்கம் திரும்பினார். “கடையில உக்காந்து காப்பி குடிச்சியா? இல்ல, காண்ட்ராக்டர் ஏதாச்சும் குடுத்தானா? எல்லார் வீடும் போச்சு, ஒன் வீடு மட்டும் எப்படி நிக்கிது?”

“அண்ணே, என் புள்ள மேல சத்தியமா...”

“புள்ள மேல சத்தியம் வேறயா? வாய மூடு!”

தனபாக்கியம் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. “நீங்க சொல்லுங்க சார்” என்று மட்டும் சொன்னார். என் மேசையில் ஒரு கோப்பு இருந்தது. அதைத் திறந்து பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பாஸ் தடையுத்தரவு வாங்கினார். மிச்சமிருந்த அந்த ஒரு வீடு தப்பியது. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு எல்லோருக்கும் மலிவு விலை அடுக்குமாடி வீடு கிடைத்தது. நல்ல முடிவு என்று பாஸ் பெருமைப்பட்டார். வெள்ளிக்கிழமையே போயிருந்தாலும் உத்தரவு கிடைத்திருக்குமா என்று யார் சொல்ல முடியும் என்று நானும் எனக்கே வாதாடிக்கொண்டேன். கிடைத்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் தனபாக்கியம் போன் செய்யவில்லை என்று ஆகிவிடுமா? நான் அழித்தது பதினொரு வீடுகளை அல்ல என்று வேண்டுமானால் வாதாடலாம். ஒரு பெண்ணின் வார்த்தையை அழித்தேன். அதற்கு வாதம் கிடையாது.

அதே அடுக்குமாடியில்தான் தனபாக்கியத்துக்கும் வீடு கிடைத்தது. ‘காசு வாங்கினவள்’ என்ற பெயரோடு குடியேறினார். மகள் கல்யாணத்துக்கு அந்தக் கட்டடத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. கணவரே குடித்துவிட்டு வந்தால் “என்கிட்டயாவது நெசத்த சொல்லு” என்று கேட்பாராம். இதெல்லாம் எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன தோட்டத்து ஆட்கள் மூலம் என் காதுக்கு வந்தது. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். கோயிலுக்குப் போனேன், அன்னதானத்துக்குக் கொடுத்தேன், சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். உங்கள் மூத்தவர்கள் எனக்கு மாலை போட்டார்கள்.

பாஸ் இறந்த பிறகுதான், ஓய்வு பெற்ற பிறகுதான், இனி எனக்கு இழக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் அவரைத் தேடி அந்த அடுக்குமாடிக்குப் போனேன். இதில் வீரம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தார். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்தது. “வாங்க சார்” என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் அழவில்லை.

“இத என்கிட்ட எதுக்கு சொல்றீங்க?” என்று கேட்டார். “நான் போன் பண்ணது எனக்குத் தெரியாதா?”

“மன்னிப்புக் கேக்க வந்தேம்மா.”

“அன்னைக்கு எல்லார் முன்னுக்கும் சொன்னீங்க. இன்னைக்குக் கதவ சாத்திட்டு சொல்றீங்க.”

“எழுதிக் குடுக்கறேன். கையெழுத்துப் போட்டு...”

“எழுத்து வேணாம் சார். நீங்க எழுதறவங்க, எழுதிடுவீங்க. எழுதின மாதிரி அழிச்சிடவும் செய்வீங்க. வாயால சொல்லுங்க. கீழ வாங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். கீழே பொது மண்டபத்தில் குடியிருப்பாளர்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சின்னக்கண்ணு. மிகவும் கிழவராகியிருந்தார். என்னைப் பார்த்ததும், “அட, வக்கீலாபீஸ் சார்! வாங்க வாங்க” என்று இன்னொரு நாற்காலியை இழுத்தார். தனபாக்கியம் பக்கம் பார்க்கவில்லை.

நான் உட்காரவில்லை. சொன்னேன். “அன்னைக்கு இவங்க போன் பண்ணாங்க. மணி ஒன்னு இருபதுக்கு. நான் கேக்கல. கேக்காமலே வரலன்னு சொன்னேன். அப்புறம் கேட்டேன், பயந்து அழிச்சிட்டேன்.”

சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சின்னக்கண்ணு காதருகே கையை வைத்துக்கொண்டு, “என்னலா சொல்றாரு?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவருக்குக் காது சரியாக் கேக்காது சார்” என்றார் தனபாக்கியம். “சத்தமா சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னேன்.

“இன்னும் சத்தமா.”

கத்தினேன். மண்டபத்தில் எதிரொலித்தது. முதல் மாடியிலும் இரண்டாவது மாடியிலும் நடைபாதைக்கு ஆட்கள் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தார்கள். நான் அழித்தேன், நான் அழித்தேன் என்று அறுபத்தெட்டு வயதில், வெள்ளைச் சட்டையும் பேனாவுமாக நின்று கத்தினேன்.

சின்னக்கண்ணுவுக்கு அப்போது புரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டே, “பாக்கியம்...” என்றார்.

தனபாக்கியம் அதற்குள் மாடிப்படியில் கால் வைத்திருந்தார். நின்றார். திரும்பவில்லை.

“இவ்ளோ வருஷம் கழிச்சுதான் என் பேரு வாயில வருதாண்ணே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே ஏறிப் போனார்.